எந்தக் கைக்கு?

கத்தி ஒடிந்ததும் கசிமிரா முதலில் செய்த காரியம், அப்படியே தரையில் உட்கார்ந்ததுதான். கோபப்படுவதற்குக்கூட எழுந்து நிற்க வேண்டும். அதற்கும் காலில் தெம்பில்லை. எறும்பு குடியிருக்கும் முள்மரத்தின் தூரில் ஓங்கிப் போட்ட வெட்டு. பட்டென்று ஒரு சத்தம். முன்பாதி பறந்து போய்க் கொடிப்புதருக்குள் விழுந்தது. கையில் மிஞ்சியது கைப்பிடியும் ஒரு சாண் இரும்பும். அதை வைத்துப் பூசணிக்காய் வேண்டுமானால் நறுக்கலாம், காடு வெட்ட முடியாது.

ஏப்ரல் வெயில் பிடரியில் அடித்தது. மே மாதம் பிறந்தால் லெம்பா ஆற்றங்கரையில் எந்த நாளும் மழை இறங்கலாம். அதற்குள் புதரை வெட்டிக் காயப்போட்டு, மக்காச்சோளம் ஊன்ற நிலத்தைத் தயார் செய்ய வேண்டும். இந்தச் சோளம்தான் அடுத்த வருஷம் முழுக்க அந்த வீட்டின் ரொட்டி. பாதி நிலம் முடிந்திருந்தது. மீதிப் பாதியில் புதர் ஆளுயரத்துக்கு நின்றது.

கசிமிராவைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய இடது கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பிறவியிலேயே இடது கைக்காரி. அடித்தும் பார்த்தார்கள், கையைத் துணியால் கட்டியும் பார்த்தார்கள், மாறவில்லை. வேறு ஊரில் பிறந்திருந்தால் சாப்பிடும்போது நாலு பேர் கேலி செய்வதோடு போயிருக்கும். வெட்டுக்கத்தியை நம்பிப் பிழைக்கிற ஊரில் அப்படிப் போகாது. கடையில் புதுக்கத்திக்குக் கூர் இருக்காது. வெறும் தகடாகத்தான் தருவார்கள். வாங்கி வந்து அரத்தால் ராவி நாமே கூர் வைக்க வேண்டும். அதுவும் ஒரே பக்கம்தான் சரித்து ராவுவார்கள். வலது கைக்காரனுக்கு ஒரு பக்கம், இடது கைக்காரனுக்கு மறுபக்கம். ஆள் மாறிப் பிடித்தால் கத்தி பேச்சுக் கேட்காது. ஒன்று மண்ணைக் கொத்தும், இல்லையென்றால் தண்டில் வழுக்கிக்கொண்டு காலைத் தேடி வரும். அதனால் அந்த வட்டாரத்தில் கூர் வைத்த கத்தியைப் பார்த்தாலே அது யாருடையது என்று பாதி தெரிந்துவிடும்.

உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து, ஓடிப்போன ஜனங்கள் ஆற்றங்கரைக்குத் திரும்பிய காலத்தில் கசிமிரா கரும்பு வெட்டப் போனாள். மேஸ்திரி அவளை எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிறுத்துவார். நடுவில் விட்டால் அவள் கத்தி பக்கத்து ஆளின் முழங்காலுக்கு வரும். கடைசி வரிசை வாய்க்காலை ஒட்டியது, சேறு, பாம்பு. அங்கே அவளுக்கு அடுத்த வரிசையில் வந்து நின்றவன்தான் ரொசேந்தோ. முதல் நாள் அவன், "உன் கத்தி எப்பவும் இந்தப் பக்கமே வருதே, என்னைத் தேடியா?" என்று கேட்டான். அவள், "நீ தள்ளி நில்லு, தேடாது" என்றாள். அவன் தள்ளி நிற்கவில்லை. முப்பது வருஷம் ஓடிவிட்டது.

அந்த முப்பது வருஷமும் ரொசேந்தோ கரும்பிலேயே கிடந்தான். கரும்புக்காட்டு வெயில் அவனுடைய சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் ஆளுக்கு இந்த வியாதி. யாரும் அதிசயமாகக் கேட்பதில்லை. வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவான். திரும்பி வந்து பிழிந்த துணி மாதிரி ஹமக் என்னும் வலைத்தூளியில் விழுவான். பிள்ளைகள் இருவரும் தலைநகரத்தில், அவரவர் பாடே அவரவருக்கு. ஆக, நிலம் கசிமிராவின் தலையில் வந்து விழுந்தது.

இரண்டு வருஷமாக அவள் ரொசேந்தோவின் பழைய கத்தியால்தான் வெட்டினாள். நீளமான கத்தி, வலது பக்கத்துக் கூர். இடது கையில் அதைப் பிடித்து, மணிக்கட்டை முறுக்கி முறுக்கி வெட்டி, சாயங்காலம் கை வீங்கிப் போகும். ராவி மாற்றிக்கொள்ள அவளுக்குத் தெரியாதா? தெரியும். மாற்றவில்லை. ஏனென்றால் ரொசேந்தோ தினமும் ஒரு வசனம் சொல்வான்: "மழைக்கு முன்னால எந்திரிச்சிருவேன்." அந்தக் கத்தி அவன் கைக்காகக் காத்திருக்கிற மாதிரியும், அவள் சும்மா அதைத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிற மாதிரியும் வீட்டில் ஒரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. இப்போது கத்தி ஒடிந்தது. புதுக்கத்தி வாங்கினால் கூர் வைக்க வேண்டும். எந்தப் பக்கம்? அவளுக்குப் பயமே அதுதான். இடது பக்கம் ராவினால், நீ இனி எழுந்திருக்க மாட்டாய் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னது போலாகும்.

வீட்டுக்கு வந்து ஒடிந்த துண்டை ஹமக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ரொசேந்தோ அதைத் தூக்கிப் பார்த்தான். "கல்லுல போட்டியா?"

"முள்மரத்துல."

"என் கத்தி முள்மரத்துக்கெல்லாம் ஒடியாதே."

"உன் கத்தி தேஞ்சு ரிப்பன் மாதிரி ஆயிருந்துச்சு. அதுக்கும் வயசாகாதா?"

"வயசாகட்டும். சொல்லிட்டு ஒடியணும்ல?" என்று சிரித்தான். சிரித்ததில் மூச்சு வாங்கியது. "நாளைக்கு அபெலீனோ கடைக்குப் போவோம்."

"நான் போய் வாங்கிட்டு வர்றேன். உனக்கு எதுக்கு அலைச்சல்?"

"நீ போனா அவன் பளபளப்பா ஒண்ணைக் கட்டிக்குடுப்பான். ஒரு மழைக்குத் தாங்காது. இது சட்டைத்துணி எடுக்கிற விஷயமா, கிழவி? நானும் வர்றேன்."

கிழவி என்று கூப்பிடுவது அவர்களுக்குள் கொஞ்சல். அன்றைக்கு அவளுக்கு அது வெறும் உண்மையாகத்தான் கேட்டது.

மறுநாள் காலை பிக்கப் வண்டியின் பின்னால் ஏறினார்கள். ரொசேந்தோவை ஏற்றுவதற்கு இரண்டு பேர் கை கொடுத்தார்கள். இறால் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒத்தீலியாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன நீஞா கசிமிரா, புருஷனை ஊர்வலமா கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள். ஐம்பத்தைந்து வயதுக்காரியை நீஞா, அதாவது சின்னப்பெண்ணே, என்று அழைப்பதுதான் அந்த ஊர் மரியாதை.

"கத்தி வாங்கப் போறோம், நீஞா ஒத்தீலியா. அப்படியே உங்க நாக்குக்கு ஒரு உறை கிடைக்குமான்னும் பாக்கணும்" என்றான் ரொசேந்தோ.

வண்டியே சிரித்தது. கசிமிராவும் சிரித்தாள். கடைசியாக அவன் இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று என்று நினைத்தவுடனே சிரிப்பு நின்றுவிட்டது.

அபெலீனோவின் கடையில் உத்தரத்திலிருந்து கத்திகள் வாழைத்தார் மாதிரி தொங்கும். அபெலீனோ குள்ளமான, சுறுசுறுப்பான மனுஷன். வியாபாரத்தில் கெட்டி, ஆள் கெட்டவனில்லை. ரொசேந்தோவின் வீங்கிய காலையும் மஞ்சள் பூத்த முகத்தையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டான். பிளாஸ்டிக் பையில் குளிர்பானம் ஊற்றி, குழாய் செருகிக் கொடுத்தான். ரொசேந்தோ ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் வைத்திருந்து விழுங்கிவிட்டு, மீதியைக் கசிமிராவிடம் தந்தான். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கக்கூட அவனுக்கு அளவு உண்டு.

"இதப் பாருங்க, தோன் ரொசேந்தோ. புதுசா வந்திருக்கு. துருவே பிடிக்காது" என்று பச்சை வர்ணம் பூசிய ஒரு கத்தியை நீட்டினான் அபெலீனோ. அந்த ஊரில் தோன் என்றால் ஐயா.

"பிடிக்காதுதான். துருப்பிடிக்கிற வரைக்கும் உயிரோட இருந்தாத்தானே? இந்த வர்ணத்தைச் சுரண்டுனா உள்ள என்ன இருக்கும், தகர டப்பாவா?"

"வாயைத் திறந்தாலே குத்தம். சரி, நீங்களே எடுங்க."

ரொசேந்தோ எடுத்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினான். கத்தியின் முதுகைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கோணல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். கைப்பிடியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, தகட்டை நகத்தால் சுண்டினான். மணி மாதிரி நின்று ஒலித்தால் பக்கத்தில் வைத்தான். பொத்தென்று அடங்கினால் திருப்பிக் கொடுத்தான். பக்கத்தில் வைத்ததையெல்லாம் கசிமிராவிடம் கொடுத்து, முனையைச் சுவரில் ஊன்றி வளைக்கச் சொன்னான். வளைத்துவிட்டால் நேராகத் திரும்ப வேண்டும். ஒன்று வளைந்தபடியே நின்றது. அபெலீனோ இருமிக்கொண்டு அதை வாங்கி மாட்டினான். பிறகு கைப்பிடியின் ஆணிகள். இரும்பு கைப்பிடியின் கடைசி வரைக்கும் போகிறதா, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தான். ஒரு மணி நேரத்துக்கு அவன் நோயாளியாக இல்லை. கசிமிராவுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, நெஞ்சைப் பிசையவும் செய்தது.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். கறுத்த தகடு, பிடிப்பக்கம் தடித்து முனைப்பக்கம் மெலிந்தது, மரக் கைப்பிடி. ஆனால் குட்டை.

"இது உங்களுக்கு எட்டாதே" என்றான் அபெலீனோ. "உங்க உயரத்துக்கு நாள் முழுக்கக் குனியணும். இதே தகட்டுல நீளமானது இருக்கு, எடுக்கட்டுமா?"

"வேண்டாம். பாரம் ஆகாது."

கசிமிரா தனக்குள் அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டாள். நோயாளிக்கு லேசான கத்தி கேட்கிறான், எழுந்து வெட்டத்தான் போகிறேன் என்று இன்னமும் நம்புகிறான். பாவி மனுஷன்.

"எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டாள், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"இது தேயறதுக்குப் பத்து வருஷம் ஆகும்" என்றான் ரொசேந்தோ. "அதுக்குக் குறைஞ்சா அபெலீனோவைக் கேளு."

"என்னைக் கேளுங்க" என்றான் அபெலீனோ. "கூரும் வச்சுத் தந்திரட்டுமா? உள்ள மிஷின் இருக்கு, அஞ்சு நிமிஷம்."

"மிஷின்ல வச்சா இரும்பு நீலமாப் போயிரும். பதம் செத்துரும். வீட்டுல ராவிக்கிறோம்."

"சரி, கரடுமுரடா ஒரு கூராவது அரத்தால போட்டுத் தர்றேன். எந்தக் கைக்கு?"

தெருவில் ஐஸ்காரனின் மணிச் சத்தம் கேட்டது. ரொசேந்தோ மடியிலிருந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறந்தது போலிருந்தது. அதற்குள் கசிமிரா முந்திக்கொண்டாள்.

"வலது கைக்குத்தான். இவருக்குத்தானே! நீங்க விடுங்க, வீட்டுல பாத்துக்கிறேன்."

ரொசேந்தோ அவளை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான். திரும்பும் வழியில் கண்ணை மூடிக்கொண்டே வந்தான். ஒத்தீலியா இருந்திருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டான்.

மறுநாள் அவனுக்கு ஆஸ்பத்திரி முறை. வழக்கமாக வரும் வண்டியில் ஏற்றிவிட்டு, கசிமிரா மாமரத்து நிழலில் கத்தியோடு உட்கார்ந்தாள். தகட்டைத் தொடையில் சாய்த்து, கைப்பிடியைக் காலால் மிதித்து, ராவினாள். நல்ல இரும்பு, அரம் எளிதில் கடிக்காது, கடித்தால் வழுக்காது. வலது பக்கம். ஒரு தடவை கை தானாகத் தகட்டைத் திருப்பப் போனது. பிடித்து நிறுத்தினாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. பத்து வருஷம் உழைக்கப் போகும் கத்தி, தன் கைக்கு ஏறாத கூர், வெட்ட வேண்டிய பாதி நிலம், எல்லாம் தெரிந்துதான் செய்தாள். ஒரு மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தலை நிமிர்ந்து இருந்தானே, அதைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. கோழிகள் மரத்தில் ஏறுகிற நேரத்துக்குத்தான் கூர் முழுசாக வந்தது. தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தன. வண்டியிலிருந்து இறங்கிய ரொசேந்தோ நேராக ஹமக்குக்குப் போய்ச் சுருண்டான். கத்தியைக் கேட்கவில்லை.

விடிந்ததும் அவள் நிலத்துக்குப் போனாள். வலது கையில் கொக்கிக் கம்பால் புல்லை வளைத்துத் தூக்கிப் பிடித்து, இடது கையால் அடியில் வீசினாள். பழைய கத்தி தேய்ந்து நைந்தது, தப்பினாலும் பெரிதாகக் கடிக்காது. இது புதுசு. நாலைந்து வெட்டு சரியாகத்தான் விழுந்தது. பிறகு ஒரு பச்சைத்தண்டில் தகடு வழுக்கி, சொன்னது கேட்காமல் கீழே இறங்கி, ரப்பர் பூட்ஸைக் கிழித்துக்கொண்டு கணுக்காலுக்கு மேலே பட்டது. ஆழமில்லை. ரத்தம் மட்டும் பூட்ஸுக்குள் சூடாக இறங்கியது. தலைத்துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்தாள்.

ரொசேந்தோ வாசலில் சோளக்கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். காலைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி, "கத்தியக் கொண்டா" என்றான்.

கட்டைவிரலைக் கூரின் மேல் குறுக்காக வைத்துத் தடவினான். தகட்டைத் திருப்பினான், மறுபடி தடவினான்.

"யார் போட்டது இது?"

"நான்தான்."

"யாருக்கு?"

அவள் குனிந்து காலில் கட்டிய துணியைச் சரிசெய்தாள்.

"கேக்குறேன்ல? யாருக்குப் போட்ட? நான் எதுக்குக் கடையில குட்டைக் கத்தியா எடுத்தேன்? இதை வச்சு நான் வெட்டணும்னா முழங்கால் போட்டுத்தான் வெட்டணும். உன் உயரத்துக்கு எடுத்தேன், கழுதை! உன் கைக்கு எடுத்தேன்!" கஞ்சிக் கிண்ணம் சரிந்து தரையில் ஓடியது. "முப்பது வருஷமா உன் பக்கத்துல நின்னு வெட்டியிருக்கேன். நீ எந்தக் கைன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் சொல்லல?" கசிமிராவுக்கும் சீறிக்கொண்டு வந்தது. "அபெலீனோ கேட்டப்போ வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? நான் ரெண்டு வருஷமா மணிக்கட்டு வீங்கிச் சாகுறேன். உனக்காகத்தான். நீ எந்திரிப்பேன், எந்திரிப்பேன்னு சொல்லும்போது நான் எப்படித் திருப்பி ராவுவேன்?"

"உன் காதுல விழணும்னுதான் நான் சொன்னேன்."

"எதை?"

"எந்திரிப்பேன்னு. அதச் சொன்னாத்தான் நீ காலையில எந்திரிச்சுப் போற மாதிரி இருந்துச்சு."

அவள் அவன் காலடியில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வாசலில் சிந்திய கஞ்சியைக் கோழிகள் கொத்தத் தொடங்கின.

"நான் இனி நிலத்துக்குப் போக மாட்டேன், கசிமிரா" என்றான் ரொசேந்தோ. கிழவி என்று சொல்லவில்லை. "ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். அபெலீனோ எந்தக் கைன்னு கேட்டப்போ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கிட்ட. எனக்கும் ஒரு நாள் வலது கைக்காரனா வீட்டுக்கு வரணும்னு ஆசையா இருந்துச்சு, விட்டுட்டேன். தப்பு என்னுது. உன் காலுல வந்து விழுந்துருச்சு."

கசிமிராவுக்கு அழுகை வந்தது. துக்கம் கொஞ்சம், களைப்பு நிறைய. வாய்விட்டு, மூக்குச் சிந்தி, அசிங்கமாக அழுதாள். அவன் தடுக்கவில்லை. அவள் அடங்கியதும், "அரத்தை எடுத்துட்டு வா" என்றான்.

கூரின் சரிவை இடது பக்கத்துக்குத் திருப்புவது லேசான வேலையில்லை. வைத்த கூரை முதலில் கொல்ல வேண்டும், பிறகு மறுபக்கம் சரிக்க வேண்டும். ஒரு விரல்கடை இரும்பு வீணாகத் தேய்ந்து போகும். ரொசேந்தோதான் ஆரம்பித்தான். பத்து இழுப்புக்குள் நெற்றி வியர்த்து, பிடி தளர்ந்து, அரம் தகட்டை விட்டுத் துள்ளியது. அவள் வாங்கிக்கொண்டாள். அவன் கைப்பிடியைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கி, தகடு ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

"சாய்ச்சுப் போடு. இன்னும். ஆங், அப்படி."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நல்லாப் போடு."

"இதுல எவ்வளவு தேய்ஞ்சு போச்சு பாரு. பத்து வருஷம்னு சொன்ன."

"எட்டு வருஷம் வரும். போதும் உனக்கு. அதுக்கப்புறம் நீயே போய் எடு. நகத்தால சுண்டிப் பாரு, முனையை வளைச்சுப் பாரு. அவன் பச்சை வர்ணத்தக் காட்டுவான், வாங்காத."

அதற்கப்புறம் அவன் எங்கே இருப்பான் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அரம் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு முறை காலில் கட்டிய துணியில் ரத்தம் கசிந்தது. அவன் குனிந்து இறுக்கிக் கட்டினான். இரும்புத்தூள் அவன் முழங்காலெங்கும் கறுப்பாகப் படிந்தது.

வெயில் சாயும்போது கூர் முடிந்தது. ரொசேந்தோ தகட்டைத் துடைத்து, கட்டைவிரலால் தடவி, தலையாட்டினான். கசிமிரா எழுந்து, பிறர் கொடுப்பதை வாங்க மட்டும் சின்ன வயதில் அடித்துப் பழக்கிய வலது கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. கைப்பிடியை அவள் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அவள் மற்ற கையை நீட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். இடது கையில் வாங்கினாள். வாகாக இருந்தது. பாதி நிலம் இன்னும் வெட்டப்படாமல் கிடந்தது.